பன்னிரண்டு தேயிலைப் பெட்டிகள்: அமெரிக்கச் சுதந்திரப் போராட்டம் பற்றிய கற்பித்தல் தொகுதி ஒன்றைத் தரம் ஐந்தில் பயன்படுத்திய அனுபவம்

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் தரம் ஐந்து வகுப்பறை ஒருவிதமாக வெறிச்சோடிவிடும். பிள்ளைகள் வருவார்கள், கதிரைகள் நிறைந்திருக்கும். ஆனால் அதுவரை அவர்களை இழுத்துக்கொண்டு வந்த வினாத்தாள்கள் இல்லாமற் போனதால் அவர்களுக்கும் எமக்கும் கை ஓடாது. அந்த ஆறேழு வாரங்களில் எதையாவது உருப்படியாகச் செய்ய எண்ணி, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நானும் சக ஆசிரியைகள் இருவரும் பங்கு போட்டு, எட்டு முதல் பதினொரு வயதுவரையான பிள்ளைகளுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போராட்டத்தைக் கற்பிப்பதற்கான பெட்டி ஒன்றைக் கடந்த ஆண்டு வாங்கினோம். தமிழ்நாட்டில் அச்சிடப்பட்டு, கண்டியிலுள்ள புத்தகக் கடை ஒன்றின் ஊடாக வந்துசேர்ந்த அதற்கு, கொண்டுவரும் செலவையும் சேர்த்து 7,200 ரூபா கொடுத்தோம். வாங்குவதா வேண்டாமா என்று பிற ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால், ஒரு தவணை முழுவதும் பயன்படுத்திப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள், பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்த பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களைக் காட்டும் சுவர்ப்படம் ஒன்று, நாற்பது பட அட்டைகள், பன்னிரண்டு பாத்திர அட்டைகள், காகித நாணயங்கள், மடித்து ஒட்டவேண்டிய பன்னிரண்டு சிறிய தேயிலைப் பெட்டிகள், முடிச்சுகள் இட்ட நீண்ட கயிறு, ஆசிரியர் கைந்நூல் ஆகியவை உள்ளன. இருபத்து நான்கு பிள்ளைகளைக் கணக்கில் கொண்டு செய்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தபடியால் நாணயங்களை நாங்களே வெட்டிச் சேர்த்துக்கொண்டோம்.

தொகுதியின் மிகச் சிறந்த பொருள், பார்வைக்கு மிகச் சாதாரணமான அந்தக் கயிறுதான். 1765 முதல் 1783 வரை ஆண்டுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. பிள்ளைகள் பட அட்டைகளை உடுப்புக் காயப்போடும் கிளிப்பினால் உரிய முடிச்சில் மாட்டவேண்டும். முத்திரை வரிச் சட்டம் 1765இல் தொங்குகிறது. பொஸ்டன் வீதியில் பிரித்தானியப் படையினர் சுட்டு ஐந்து பேர் மாண்ட 1770 மார்ச் 5 சற்றுத் தள்ளி வருகிறது. தேயிலை கடலில் கொட்டப்பட்டது 1773இல், லெக்சிங்டனிலும் கொன்கோர்டிலும் சண்டை மூண்டது 1775 ஏப்ரல் 19இல். சுதந்திரப் பிரகடனத்தின் அட்டையை 1776இல் மாட்டிய மாணவி, கயிற்றில் எஞ்சியதைக் கண்ணால் அளந்துவிட்டு, “இன்னும் ஏழு முடிச்சு இருக்கே டீச்சர்” என்றாள். யோர்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தது 1781 ஒக்டோபரில், பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தானது 1783 செப்டெம்பரில். சுதந்திரத்தை அறிவிப்பதற்கும் அது கைக்கு வருவதற்கும் இடையில் எவ்வளவு காலம் போயிற்று என்பதை அரைமணி நேரம் பேசியிருந்தாலும் நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வரி விளையாட்டும் நன்றாக அமைந்திருக்கிறது. ஒரு பிள்ளை மன்னர், இருவர் வரி வசூலிப்பவர்கள், மற்றவர்களிடம் தலைக்கு இருபது நாணயங்கள். மன்னர் எடுக்கும் சீட்டில் “பென்சில் வைத்திருப்பவர்கள் ஒரு நாணயம் தரவேண்டும்”, “சன்னலோரம் இருப்பவர்கள் இரண்டு நாணயம் தரவேண்டும்” என்று எழுதியிருக்கும். முதற் சீட்டுக்குச் சிரித்தவர்கள் நான்காம் சீட்டுக்குள் உண்மையாகவே முகம் சிவந்துவிட்டார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் பென்சிலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு கையை விரித்துக் காட்டினான். அக்காலத்தில் அந்தக் குடியேற்றங்களில் குடிக்கப்பட்ட தேயிலையில் பெரும்பகுதி இப்படித்தான் வரிக்குத் தப்பிக் கள்ளமாக இறக்கப்பட்டது என்று சொன்னபோது, அவனுக்குத் தண்டனைக்குப் பதிலாக வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. விளையாட்டின் இறுதியில் கைந்நூல் ஒரு நல்ல கேள்வியை வைக்கிறது: உங்களுக்குக் கோபம் வந்தது வரி கூடியதாலா, உங்களைக் கேட்காமல் போட்டதாலா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

இரண்டாம் முறை ஆடியபோது சீட்டுகளை மாற்றி எழுதினேன். 1848இல் டொரிங்டன் தேசாதிபதியின் காலத்தில் நாய், துப்பாக்கி, வண்டி, கடை ஆகியவற்றுக்கு வரி போட்டதும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று சட்டம் வந்ததும், மாத்தளையில் கிளர்ச்சி எழுந்ததும், அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தச் சீட்டுகளில் இருந்தன. நாய் வரிச் சீட்டை வாசித்ததும் எழுந்த கூச்சலைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். லயத்துக்கு லயம் நாய் வளர்க்கும் பிள்ளைகளிடம் வேறு எதைச் சொல்லியும் 1848ஐ அவ்வளவு விரைவாகப் புரியவைத்திருக்க முடியாது.

நாங்கள் அதிக நாள் செலவிட்டதும் அதிகம் திருத்தவேண்டியிருந்ததும் தேயிலைப் பகுதியில்தான். 1773 டிசம்பர் 16 இரவு, பொஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் இருந்த 342 தேயிலைப் பெட்டிகள் பிளக்கப்பட்டுக் கடலில் கொட்டப்பட்டதை விளக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. படத்தின் முன்பகுதியில் கப்பல் சரியாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது என்று காட்டும் மூலைப்படத்தில், பச்சை மலைச்சரிவில் தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்த பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அட்டை கைமாறுவதற்குள் “இது நம்ம அம்மாமாரு!” என்று வகுப்பே எழுந்து நின்றது. அந்த மகிழ்ச்சியைக் கலைப்பது எனக்குச் சங்கடமாக இருந்தாலும் கலைக்கவேண்டியிருந்தது. பொஸ்டனில் கொட்டப்பட்டது முழுக்கச் சீனத் தேயிலை. அதில் பெரும்பங்கு வூயி மலைப்பகுதியின் பெயரைத் தாங்கிய கறுப்புத் தேயிலை. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல், அதாவது பொஸ்டன் சம்பவத்துக்குத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். தேயிலை என்றவுடன் ஓவியரின் கைக்கு வந்த படம் எங்களுடையதாக இருந்ததில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வரலாறு கற்பிக்கும் அட்டையில் அது பிழைதான்.

அதைவிடப் பெரிய பிழை கைந்நூலில் உள்ளது. தேயிலையின் விலை ஏறியதால் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று அது எழுதுகிறது. நடந்தது நேர்மாறானது. 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம், கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பனி தன் தேயிலையை நேரடியாகக் குடியேற்றங்களில் விற்க வழிசெய்ததால், கம்பனித் தேயிலையின் விலை இறங்கவே செய்தது. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவான தேயிலையை வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் போட்ட வரியை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்பதும், ஒரே கம்பனியின் ஏகபோகத்தில் உள்ளூர் வணிகர்கள் நசிந்துபோவார்கள் என்பதும்தான் எதிர்ப்பின் சாரம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது கடினம் என்று நூலாசிரியர் எண்ணியிருக்கலாம். ஆனால் வரி விளையாட்டின் கேள்வி முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. விலையேற்றம் என்று சொன்னால் அந்தக் கேள்வி செத்துப்போகும். அதே கம்பனிதான் 1796இல் எங்கள் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்து, தென்னை மரத்துக்கு வரி போட்டு, அடுத்த ஆண்டே கிளர்ச்சியைச் சந்தித்தது என்று ஒரு வரி சேர்த்தேன்.

காகிதப் பெட்டிகளை ஒட்டி முடித்த நாளில் வெளியே ஐப்பசி மழை. தகரக் கூரைச் சத்தத்தில் எதையும் விளக்க முடியாததால் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். கடலில் போன தேயிலை 92,000 இறாத்தல், ஏறத்தாழ 42,000 கிலோ. 342 பெட்டிகளால் வகுத்தபோது ஒரு பெட்டி சராசரியாக 120 கிலோவுக்கு மேல் வந்தது. ஆகவே அட்டையில் ஒருவர் ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கி எறிவது நடக்காத காரியம் என்று ஸ்டோரில் சாக்கு தூக்கும் தகப்பனின் மகன் தீர்ப்புச் சொன்னான். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பேருக்கு, அதாவது ஒருவரின் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குரிய பறிப்புக்கு, 18 கிலோ என்று கணக்கிட்டால் 10,500 பேர் வருகிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் ஒரே ஆள் 35 ஆண்டுகள் பறிக்கவேண்டும். கரும்பலகையில் அந்த 35ஐப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, “அப்ப அதப் பறிச்சவங்களுக்குப் பேரு போட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

கைந்நூலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. உலகின் வேறெந்த வகுப்பறையிலும் இது இவ்விதம் எழுந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கம்பனி கன்டன் துறைமுகத்தில் வணிகர்களிடம் தேயிலையை வாங்கியே கொண்டுவந்தது என்றும், நட்டம் கம்பனிக்கே என்றும், பறித்தவர்கள் கையில் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பற்றிப் பொஸ்டனில் யாரும் பேசவில்லை என்றும் சொன்னேன். நிறுவையில் கிலோ கழிப்பதையும் அரைப்பேர் போடுவதையும் வீட்டில் தினமும் கேட்டு வளரும் பிள்ளைகள் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ் எளிமையானது, எழுத்துப் பிழைகள் குறைவு. ஆனால் எங்கள் பாடநூல்களில் பிரித்தானியா, பாராளுமன்றம், குடியேற்றம், தேசாதிபதி என்று இருப்பவை இங்கே பிரிட்டன், நாடாளுமன்றம், காலனி, கவர்னர் என்று வருகின்றன. முதல் மூன்று நாட்கள் எங்கள் வகுப்பில் பதின்மூன்று காலணிகள் மன்னருக்கு எதிராகப் போராடின. சப்பாத்து எப்படிச் சண்டை போடும் என்று கேட்ட பையனை அப்போது உட்காரச் சொன்னேன். 1777 குளிர்காலத்தில் வலி போர்ஜ் முகாமில் வொஷிங்டனின் படையினர் பலர் காலில் சப்பாத்தே இல்லாமல் உறைபனியில் கிடந்தார்கள் என்ற அட்டை வந்தபோது, அவன் கையை உயர்த்தி, “நான் அன்னிக்கே கேட்டேனே” என்றான். நுவரெலியாவில் தை மாதக் காலையில் வெள்ளையாகும் புல்லைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டைக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு உண்மையாகவே கோபமூட்டியது பன்னிரண்டாம் பாத்திர அட்டை. வெர்ஜீனியாவின் பெரிய பண்ணை ஒன்றில் இருக்கும் கறுப்பின மனிதரை அது “வேலையாள்” என்று அழைத்து, அவர் எசமானுடன் சேர்ந்து சுதந்திரத்தை எதிர்பார்த்திருப்பதாக எழுதுகிறது. அன்றைய பதின்மூன்று குடியேற்றங்களின் ஏறத்தாழ 25 இலட்சம் மக்களில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய தோமஸ் ஜெபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். 1775இல் வெர்ஜீனியாவின் பிரித்தானிய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தபோது பலர் தப்பியோடிச் சேர்ந்தார்கள். நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது 1865இல். பிள்ளைகளின் மனம் நோகும் என்று சொல்லை மென்மையாக்கினார்களோ என்னவோ, மென்மையாக்கப்பட்ட சொற்கள் என்ன செய்யும் என்பதை நாங்கள் நன்றாக அறிவோம். எங்கள் முன்னோர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர், தங்களைத் தோட்டத்துக்கு ஆள்சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியிடம் பட்ட கடனால் கட்டுண்டவர்கள், அந்தக் கடனைக் காட்டி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொன்னேன். அட்டையில் “வேலையாள்” என்பதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி “அடிமை” என்று எழுதினோம்.

பொஸ்டனில் பெட்டிகளைப் பிளந்தவர்கள் மோஹோக் மக்களைப்போல வேடமிட்டிருந்தார்கள் என்பதற்காக, தலையில் கட்டிக்கொள்ளக் காகித இறகுகளும் பெட்டியில் இருந்தன. அவற்றை எடுக்கவில்லை. வேடமிட்டது நடந்த செய்தி, அதைச் சொல்லலாம். ஆனால் நாற்பது பட அட்டைகளில் அந்தப் பூர்வீக மக்கள் வேறெங்குமே இல்லை. 1783 உடன்படிக்கை மிசிசிப்பி ஆறுவரை அவர்கள் வாழ்ந்த நிலத்தை அவர்களைக் கேளாமலே புதிய நாட்டுக்குக் கொடுத்தது பற்றி ஓர் அட்டை இருந்திருந்தால் இறகுகளைப் பற்றியும் யோசித்திருப்பேன்.

சுவர்ப்படம் அழகானது, ஆனால் அத்திலாந்திக் சமுத்திரத்தோடு முடிந்துவிடுகிறது. இந்தப் போர் திருகோணமலைவரை வந்தது. அமெரிக்கர்களுடனான வணிகம் முதலிய காரணங்களால் பிரித்தானியா ஒல்லாந்தர் மீதும் போர் தொடுக்க, 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை அவர்களிடமிருந்து கைப்பற்றினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்கரின் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரரின் கடற்படை, சுப்ரன் என்ற தளபதியின் கீழ் வந்து அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தது. இடையில் ஹியூ பொய்ட் என்ற ஆங்கிலத் தூதர் மலையேறிக் கண்டி அரசவைக்கு வந்து, உடன்படிக்கை கைகூடாமல் திரும்பினார். யோர்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி கோர்ன்வாலிஸ்தான் பின்னர் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து திப்பு சுல்தானுடன் போரிட்டவர். படத்தின் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி இலங்கையை வரைந்தபோது, தூரத்து ஊர்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த முகங்கள் மாறிவிட்டன.

நம்முடைய வரலாறு கிடக்க அமெரிக்கக் கதை எதற்கு என்று ஒரு தகப்பனார் வந்து கேட்டார். நியாயமான கேள்வி. தூரத்துக் கதையில் பிள்ளைகள் அச்சமின்றிக் கேள்வி கேட்கிறார்கள், அதே கேள்வியைப் பிறகு வீட்டுப் பக்கம் திருப்பலாம் என்று அவரிடம் சொன்னேன். இந்தத் தொகுதியின் குறையும் அங்கேதான் இருக்கிறது. கேள்விகளை நன்றாகத் திறந்துவிட்டு, கடைசி அட்டையில் “மக்கள் அனைவரும் சுதந்திரமாக வாழ்ந்தனர்” என்று கதவைச் சாத்திவிடுகிறது.

அந்த அட்டையை நாங்கள் மாட்டவில்லை. கயிற்றுக்குக் கீழே வேறொரு கயிறு கட்டினோம். அதில் கண்டி ஒப்பந்தம் செய்யப்பட்ட 1815, ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி அடக்கப்பட்டுக் கெப்பட்டிப்பொல கொல்லப்பட்ட 1818, மாத்தளையின் 1848, சுதந்திரத்தின் 1948 ஆகியவை வந்தன. பெப்ரவரி 4 எல்லோருக்கும் தெரியும், கொடியேற்றுவோம். எங்கள் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுக்குத் தெரியாது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றதையும், 1952இல் ஒருவரும் இல்லாமற் போனதையும் முடிச்சுகளில் மாட்டியபோது, வரி விளையாட்டில் மன்னராக இருந்த பையனே, “இவங்களையும் கேக்காமத்தான் சட்டம் போட்டாங்களா?” என்றான். உங்கள் வீட்டில் முதன்முதலாக வாக்களித்தவர் யார் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி, சாமிப் படத்துக்குப் பின்னால் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் பிரதியை எடுத்து வந்தாள். தோட்ட மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாட்டியின் தம்பி இந்தியாவுக்குப் போக, பாட்டி இங்கேயே நின்று, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பத்திரம் பெற்றாராம். கயிறு போதாமல் இன்னொரு துண்டை முடிந்தோம்.

வாங்க விரும்புவோருக்கு நடைமுறைச் செய்திகள் சில. அட்டைகளின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இல்லை. எங்கள் பக்கத்து ஈரத்தில் இரண்டு வாரத்திலேயே ஓரங்கள் சுருண்டன, ஆகையால் முதல் நாளே உறை போட்டுவிடவேண்டும். தரம் மூன்றுக்கு இது பாரம். தரம் ஐந்துக்கும் ஆறுக்கும் பொருந்தும். ஓர் ஆசிரியர் தனியே 7,200 ரூபா கொடுத்து வாங்கவேண்டியதில்லை. கொத்தணியில் உள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். கயிற்றையும் வரிச் சீட்டுகளையும் பார்த்து நீங்களே செய்துகொள்ளலாம், ஆனால் பட அட்டைகளின் ஓவியத் தரம் அச்சில் வந்ததற்கு ஈடாகாது. கைந்நூலின் தேயிலைப் பகுதியை அப்படியே வாசித்துக் காட்டவேண்டாம். பிழைகளை எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த பதிப்பில் பன்னிரண்டாம் அட்டையை மாற்றுவதாகப் பதில் வந்தது, கொழுந்து பறிக்கும் படத்தைப் பற்றிப் பேச்சில்லை. காகிதத் தேயிலைப் பெட்டிகள் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறேன், பன்னிரண்டில் ஐந்து ஏற்கெனவே பாடசாலைக்குப் பின்னால் ஓடும் கானில் போய்விட்டன.